சர்க்காரைக் காலி பண்ணச் சொன்னது

திருவானைக்காவல்,
12-ந் தேதி, வியாழன்.

மதுரை ஹைகோர்ட்டில் வக்கீலாக இருக்கும் சிரஞ்சீவி ரெங்கராஜுக்கு அத்தான் முருகானந்தம் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அக்கா வேணியும் இருக்கிறபடி இருக்கிறோம். அங்கே உன் உடம்பும் உன் கட்சிக்காரர்களும் நலமாக இருக்க அகிலாண்டேஸ்வரியை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. பஸ் ஸ்டாப் பக்கத்துக் கட்டடத்தை ஒரு சர்க்கார் ஆபீசுக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் விட்டேன் அல்லவா? போன வருஷம் சித்திரையோடு கெடு முடிந்தது. நம்ம பொண்ணு மலர்க்கொடி பல் டாக்டருக்குப் படித்துவிட்டு அங்கேதான் கிளினிக் வைப்பதாக இருந்தாள். இப்போது அரியமங்கலத்தில் யாரோ ஒருவர் கிளினிக்கில் வேலை. ரெண்டு பஸ் மாறிப் போய்விட்டு வந்து, "பரவாயில்லப்பா"ங்கிறா. திட்டினால்கூடத் தாங்கிக்கலாம், மாப்ளே.

காலி பண்ணுங்க என்று கேட்கப் போனால், சுவரில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தும், பின்சுவரை இடித்து ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். எதுக்குங்க என்றேன். டீக்கடைக்குச் சுத்திப் போகவேண்டியிருக்காம். சூப்பிரண்டு லூர்துராணி அம்மா தங்கமான மனுஷி, உக்கார வச்சு அந்தக் கதவு வழியாவே எனக்கும் டீ வாங்கிக் குடுத்து, "மாற்று இடம் பார்க்கக் கமிட்டி போட்டிருக்கு சார், கமிட்டிக்குத்தான் இன்னும் ஆள் போடலை"ன்னாங்க. பேசாமப் பூட்டைப் போட்டுடவான்னு வீட்டில் கேட்டேன். "சர்க்காரை நீங்க பூட்டினா, சர்க்கார் உங்களைப் பூட்டும்"னு உன் அக்கா சாவியைப் பிடுங்கி வச்சுக்கிட்டா.

இங்கே வக்கீல் பரக்கத் அலி பாய், சர்க்கார்மேல கேஸ் போடணும்னா முதல்ல எண்பதாம் பிரிவுல நோட்டீஸ் குடுத்து ரெண்டு மாசம் காத்திருக்கணும்னு சொன்னார். குடுத்தேன். காத்திருக்கிற நேரத்துல சும்மா இருப்பானேன்னு கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல ஒரு மனுவும் குடுத்தேன். அது மேல் நடவடிக்கைக்காக அதே ஆபீசுக்கே போயிடுச்சு! விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. என் கட்டடத்து வாசல்ல, "மனுதாரர் எல்லாம் வெளியே நில்லுங்க"ன்னு ஒருத்தர் என்னை வெயில்ல நிறுத்தினார். நானும் நின்னேன்.

ரெண்டு மாசம் நாளையோடு முடியுது. களைச்சுப்போச்சு, மாப்ளே. நீயே வந்து காலி பண்ணச் சொல்லி வழக்குப் போடு. வீட்டில் குழந்தைகளுக்கு என் அன்பு. எல்லாரும் தீர்க்காயுசாக, சொந்த வீட்டில், இருக்க ஆசீர்வதிக்கும்,
அத்தான் முருகானந்தம்.

பி.கு.: வழக்கு வேண்டாம். கவரை ஒட்டப் போகையில் லூர்துராணி அம்மா போன் பண்ணாங்க. "சார், உங்க நோட்டீசுக்குப் பதில் அனுப்பணும், எழுதுறவர் மெடிக்கல் லீவு. நீங்கதான் விவரமா எழுதுறீங்க, ஒரு வரைவு போட்டுக் குடுங்களேன்." முப்பது வருஷம் கைலாசபுரம் பாக்டரி ஆபீசுல பதில் கடிதம் எழுதியே சம்பளம் வாங்கின கை, கேக்கலை. போய் உக்காந்துட்டேன். கெடு முடிஞ்சும் உரிமையாளர் பதினாலு மாசம் ஆட்சேபணை இல்லாம வாடகை வாங்கியிருக்கார், ஆகவே குத்தகை தொடருதுன்னு ஒரு பத்தி எழுதினேன் பாரு, படிச்சுட்டு நானே ஒத்துக்கிட்டேன். ஆபீசர் உடனே கையெழுத்துப் போட்டுட்டார். நாளைக்கு ரிஜிஸ்டர் தபால்ல எனக்கு வருது.