விண்வெளியில் ஒரு ரயில்

விண்வெளிக்கு ரயில் எப்படி வந்தது என்று மகள் கேட்டுவிடப் போகிறாளே என்று கண்ணாடிக் கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவசரத்தில் சொல்லிவிட்டார். ஓடுகிற ரயிலின் கூரைமேல் நின்று கேப்டன் பதினாலு பேரைப் புரட்டியெடுத்த கதையைத்தான். சொல்லி முடித்த பிறகுதான், அவர்கள் வாரம்தோறும் பேசும் இந்த டிவி தொடரில் எல்லோரும் விண்கலத்தில் அல்லவா போகிறார்கள் என்பது உறைத்தது. போனில் மறுமுனையில் சத்தமே இல்லை.

"ஆமாம்ப்பா," என்றாள் மகள் ஒருவழியாக. "அந்த ரயில் சண்டை பிரமாதம்."

அவருக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில் பேசாமல் இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் தனியாப் பாக்கறது ஒரு பாக்கறதாம்மா? உன்கூட உக்காந்து பாத்தாதான் நல்லா இருக்கும்" என்றார்.

மறுபடியும் சத்தமில்லை. பாசத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அதுக்கென்னப்பா," என்று அவள் இழுத்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை கடைசி பாகம் வருதாம். நீங்க அங்க போடுங்க, நான் இங்க போடறேன். வீடியோ கால்ல பேசிக்கிட்டே பாக்கலாம்."

"தாராளமா பாக்கலாம்" என்று சொல்லி போனை வைத்தார். நாற்பத்து மூன்று நிமிடம் பேசியிருந்தார்கள். வைத்ததும் காலண்டரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ணினார். ஏனென்றால் அந்தத் தொடரில் ஒரு பாகத்தைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை.

மனைவி போன பிறகு, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஞாயிறுதோறும் பேசுவாள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். அங்க மழையா, இங்க இல்லை. இரண்டு நிமிடத்தில் இரண்டு பேரிடமும் சரக்கு தீர்ந்துவிடும். போனை வைத்த பிறகு அந்த வீட்டில் பிரிட்ஜ் உறுமுவது மட்டும் கேட்கும். ஒருநாள் இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை. அந்த வாரம்தான் அவள், "அப்பா, என் அக்கவுண்ட்டை உங்க டிவில போட்டு விட்டிருக்கேன். விண்கலத் தொடர் ஒண்ணு வருது, எல்லாரும் பாக்கறாங்க. பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

அவரும் உட்கார்ந்தார். பத்து நிமிடம் தாண்டவில்லை. எவனோ ஒருவன் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து, எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினான். "பாத்தியா கூத்தை?" என்று சோபாவின் இடதுபக்கம் திரும்பினார். இடதுபக்கம் மனைவியின் இடம். அங்கே மடித்து வைத்த போர்வை இருந்தது. அதற்குமேல் அவரால் முடியவில்லை, எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

மகள் மனம் கோணக் கூடாதே என்று அதற்குப் பிறகு ஒரு வழி செய்தார். தினமும் டிவியைப் போட்டுவிடுவார். தொடர் ஹாலில் தனியாக ஓடும், இவர் சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருப்பார். மகளின் அக்கவுண்ட் கணக்குப்படி அவர் பார்த்தவர். கதைக்கு என்ன செய்வது? அதற்குப் பக்கத்துக் கடை இருந்தது.

பக்கத்துக் கடை செல்போன் ரிப்பேர். நடத்துகிறவளுக்கு நாற்பது வயதிருக்கும். உதட்டுக்கு நடுவே எந்நேரமும் ஒரு பொடி ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டிருப்பாள் என்பதால் தெருவே அவளை ஸ்க்ரூ அக்கா என்றுதான் கூப்பிடும். அவரை லென்ஸ் சார் என்று கூப்பிடும். அவர் போனை எடுக்காவிட்டால் மகள் அடுத்து அழைப்பது ஸ்க்ரூ அக்காவைத்தான். "அக்கா, எங்கப்பா கடையைத் திறந்துட்டாரான்னு எட்டிப் பாருங்களேன்" என்பாள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவர், "ஏம்மா, இந்த விண்கலத் தொடர் பாக்கறியா?" என்று கேட்டார். ஸ்க்ரூ அக்கா தலையாட்டினாள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் மாலை அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். அவள் கதை சொல்வாள். கேப்டன் வாட்டசாட்டமான ஆள், முறுக்கு மீசை, ஐம்பது வயது. அவனுக்கு ஒற்றைக்கண் ரோபோ ஒன்று துணை. அது அழுதால் கண்ணிலிருந்து எண்ணெய் வரும். இவர் அதைக் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தன் கருத்தையும் சேர்த்து மகளிடம் விடுவார்.

கருத்துக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. "அந்தக் கப்பல்ல இருநூறு பேர் இருக்காங்க. ஒருத்தனுக்குக் கூடவா வெள்ளெழுத்து வரலை? ஐம்பது வயசு கேப்டன், பொடி எழுத்தைக் கையை நீட்டாம எப்படிப் படிக்கிறான்?" என்பார். வில்லனின் ஆட்கள் ஏன் வரிசையாக ஒவ்வொருவராக வந்து அடி வாங்குகிறார்கள், முன்கூட்டி டோக்கன் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்பார். வெடிகுண்டை எப்போதும் மூன்று விநாடி மிச்சமிருக்கும்போதே நிறுத்துகிறார்களே, நாற்பது விநாடி இருக்கும்போது நிறுத்தினால் என்ன குடிமுழுகிப் போகும் என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இரண்டு நிமிடம் பத்தாகி, பத்து நாற்பதானது. அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் வாரத்தின் மற்ற நாட்களை அவர் தள்ளிக்கொண்டிருந்தார்.

இந்த முறைதான் சங்கிலி அறுந்தது. வெள்ளிக்கிழமை ஸ்க்ரூ அக்காவின் தங்கைக்குப் பிரசவ வலி. ஷட்டரில் 'ஒரு வாரம் விடுமுறை' என்று காகிதம் ஒட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை கதை இல்லை. கண்ணாடி பிரேம் பெட்டியோடு வந்த கூரியர்காரர் ஏதோ ரயில் சண்டையைச் சிலாகித்துக்கொண்டிருந்தார். கிடைத்தவரை லாபம் என்று அதைத் தூக்கி மகளிடம் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை கூரியர்காரரை மடக்கினார். "அன்னிக்குச் சொன்னியே, அதுல அப்புறம் என்ன ஆச்சு?"

"அது பழைய போலீஸ் படம் சார். அத்தோட படம் முடிஞ்சிடுச்சு" என்றார் அவர்.

"விண்கலம் வரலையா?"

கூரியர்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்க்ரூ அக்காவுக்கே போன் செய்தார். அவள் எடுத்ததும் பின்னால் பச்சைக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் போய் ரோபோவின் கதி என்ன என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. குழந்தையும் தாயும் சுகமா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இனி ஒரே வழிதான். முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுவது. முப்பது பாகம், ஐந்தே நாள். வீட்டில் உட்கார்ந்தால் இடதுபக்கம் திரும்பத் தோன்றுகிறது என்பதால் கடையிலேயே, மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு கண் தொடரில், ஒரு கண் வேலையில். விளைவு, செவ்வாய்க்கிழமை வந்து புதுக் கண்ணாடி வாங்கிப் போன தலைமையாசிரியை புதன்கிழமை காலை சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"படிக்கட்டெல்லாம் எழும்பி எழும்பி வருது" என்றார். "உங்க கடை வாசப்படி இப்போ என் முழங்கால் உயரம் இருக்கு."

பார்த்தால் இடது கண் லென்ஸ் வலதிலும் வலது கண் லென்ஸ் இடதிலும் மாட்டியிருந்தது. முப்பத்தைந்து வருட அனுபவத்தில் இப்படி நடந்ததேயில்லை. மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார். அதற்குள் போனில் எட்டாவது பாகம் முடிந்து ஒன்பதாவது தானாக ஆரம்பித்துவிட்டது.

ஆனால் லென்ஸ் குழப்பம் ஒரு பொருட்டே அல்ல. அவரைத் திகைக்க வைத்தது வேறு. இந்தத் தொடரில் ரயில் இல்லை. சரி, போகட்டும். ஒற்றைக்கண் ரோபோவும் இல்லை. எண்ணெய்க் கண்ணீர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கேப்டன் ஒரு பெண். ஒல்லியான, யாரோடும் அதிகம் பேசாத பெண். ஐந்து மாதமாக அவரும் மகளும் ஞாயிறு தவறாமல் "அவன் மீசையும் அவனும்" என்று சிரித்திருக்கிறார்கள்.

வேறு தொடரைப் போட்டுவிட்டோமோ என்று பெயரை மூன்று முறை சரிபார்த்தார். அதே பெயர்தான். மகள் போட்டு விட்ட அதே தொடர்தான்.

வியாழக்கிழமை இருபதாவது பாகத்தில் கப்பலின் அடித்தளத்தில் ஒரு கிழட்டு மெக்கானிக் வந்தார். பேச ஆளில்லாமல் தண்ணீர் பம்பிடம் பேசிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு உனக்கு என்ன கோளாறு?" என்று அதைக் கேட்டார். லென்ஸ் சாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு, காலையில் தான் பிரிட்ஜைத் திட்டியது நினைவுக்கு வந்தது. அந்தப் பாகத்தை அங்கேயே நிறுத்திவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கே மகளை அழைத்தார்.

"என்னப்பா வியாழக்கிழமைல? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா. சும்மாதான்."

"மீட்டிங்ல இருக்கேன்ப்பா. சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?"

இரண்டுக்கும் ஆமாம் என்றார். வைத்துவிட்டாள். ஒரு நிமிடம் பத்து விநாடி. உண்மையைச் சொன்னால் இனி எல்லா ஞாயிறும் இவ்வளவுதான் என்று தெரிந்தது. சொல்லாவிட்டாலும் இந்த ஞாயிறு தானாகவே தெரிந்துவிடும், கடைசி பாகத்தில் கேப்டன் வந்து நின்றவுடன்.

சனிக்கிழமை காலை பக்கத்துக் கடை ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். ஸ்க்ரூ அக்கா அதற்குள் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, உதட்டில் ஸ்க்ரூவோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?" என்று ஸ்டூலில் விழுந்தார். "கேப்டன் பொம்பளையாம்மா. ரோபோ எங்கே?"

அவள் முகம் செத்துவிட்டது. ஸ்க்ரூவை உதட்டிலிருந்து எடுத்து மேஜையின் காந்தத்தில் ஒட்டினாள்.

"நான் ஒரு பாகம்கூடப் பாத்ததில்லை சார்."

"அன்னிக்கு நான் கேட்டப்போ தலையாட்டினியே?"

"வாயில நாலு ஸ்க்ரூ இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல வாயத் தொறந்தா ஒண்ணு உள்ள போயிடும். அப்புறம் சொல்லிக்கலாம்னுதான் ஆட்டினேன். அதுக்குள்ள நீங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டீங்க. கண்ணு ரெண்டும் கலங்கி இருந்துச்சு. எப்படி இல்லைன்னு சொல்றது? நானா ஒரு கேப்டனைப் பண்ணினேன். மீசை எங்க மாமாவோடது."

அவருக்குக் கோபப்படவும் தெம்பில்லை. மெல்ல மெல்ல வேறொன்று உறைத்தது. அவர் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை. அதை மகள் ஐந்து மாதமாக ஆமாம்ப்பா, ஆமாம்ப்பா என்று கேட்டிருக்கிறாள். மீசைக்குச் சிரித்திருக்கிறாள். ரோபோவுக்கு உச்சுக் கொட்டியிருக்கிறாள். ரயில் சண்டை பிரமாதம் என்றிருக்கிறாள்.

"அப்போ அவளுக்கு முதல் வாரத்துலயே தெரிஞ்சிருக்கும்" என்றார். "கிழவன் உளறறான், பாவம், உளறிட்டுப் போகட்டும்னு நாப்பது நாப்பது நிமிஷமா பொறுத்துக்கிட்டு இருந்திருக்கா. நான் என்னமோ அவ சந்தோஷமா கேக்கறான்னு நினைச்சுட்டேன்."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடியைச் சட்டையில் துடைக்காதீர்கள் என்று சொல்கிறவர். நாளைக்குப் போனே எடுக்கப் போவதில்லை, உடம்பு சரியில்லை என்று மகளிடம் சொல்லிவிடு என்றார்.

ஸ்க்ரூ அக்கா பிரித்துப் போட்ட போனை ஓரமாகத் தள்ளி வைத்தாள். எதையோ சொல்வதா வேண்டாமா என்று ஸ்க்ரூவை எடுத்து உதட்டில் வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அவ எங்க சார் பாத்தா? வெள்ளிக்கிழமை தவறாம எனக்கு போன் பண்ணி, 'அக்கா, ஞாயித்துக்கிழமை அப்பாகிட்டப் பேசணும், இந்த வாரக் கதையைச் சொல்லுங்க'ன்னு உங்களுக்கு முந்தி கேட்டுக்கறதே அவதான். ரயில் சண்டையை மட்டும் ஏன் சொல்லாம விட்டீங்கன்னு ஆஸ்பத்திரிக்கே கூப்பிட்டு என்னை அந்தத் திட்டு திட்டினா."