பரஸ்தானம் வைத்த பாஸ்போர்ட்

படித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. உத்தமபாளையத்தில் பத்திரம் எழுத உட்கார்ந்த அன்றைக்கு நான் எடுத்த சபதம் இது. கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமும் என் பேனா வழியாகத்தான் கைமாறியிருக்கின்றன. ஒரு எல்லைக்கல்கூட நகர்ந்ததில்லை. அப்பேர்ப்பட்ட சுயம்புலிங்கமாகிய என்னை மலேசியாவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "ஐயா, நீங்க ஏன் இன்னும் இங்க இருக்கீங்க?" என்று கேட்டார்கள். காரணம் என் மனைவி. பத்திர பாஷையில் சொன்னால், மேற்படி முனீஸ்வரி.

நடந்தது ரெண்டாயிரத்து அஞ்சாம் வருஷம், பங்குனி மாதம். எங்கள் ஒரே மகள் தேவயானியை மலேசியாவில் கிள்ளான் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எங்கள் பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து எப்போதோ போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பிள்ளைத்தாய்ச்சி விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவத்துக்கு அவள் தாய்வீட்டுக்கு வர முடியாது. ஆகவே தாய்வீடே அவளிடம் போக வேண்டும். வளைகாப்புக்கு ஒரு தடவை, ஆனியில் பிரசவத்துக்கு ஒரு தடவை. இதுதான் எங்கள் ஏற்பாடு.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியிலிருந்து கிளம்பும்போதே முனீஸ்வரி பரஸ்தானம் வைத்தாள். பயண நாள் சரியில்லை என்றால், முன்னாலேயே ஒரு நல்ல நாளில் பையைக் கொண்டுபோய் பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பினால் ஆள் கிளம்பினதாகக் கணக்கு. எங்கள் பை பிச்சையம்மாள் வீட்டு ஆட்டுக்குட்டி பக்கத்தில் மூன்று நாள் இருந்தது. கோலாலம்பூரில் இறங்கியபோது என் சட்டையெல்லாம் ஆட்டு வாசம்.

இறங்கியதும் ஒரு முத்திரை குத்தினார்கள். ஏப்ரல் ஒண்ணாம் தேதி, வெள்ளிக்கிழமை வரை இருக்கலாம். டிக்கெட்டும் அதே வெள்ளிக்கிழமைக்குத்தான். எல்லாம் கச்சிதம். கடைசி வாரத்தில் சம்பந்தியம்மா நாள் பார்த்து வளைகாப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்.

"வளைகாப்பப் பாக்காமப் போறதுக்கா கடல் தாண்டி வந்தேன்?" என்றாள் முனீஸ்வரி.

"விசா வெள்ளியோட முடியுது. விசா முடிஞ்சா விசாரணைதான்."

"ரெண்டு மூணு நாள் கூடக் கேட்டாத் தர மாட்டாகளா?"

"கேட்டதும் குடுக்க அது என்ன கறிவேப்பிலையா? சட்டம்மா. மீறி இருந்தோம்னா அவ கைக்கு வளைகாப்பு, நம்ம கைக்கு வெறும் காப்பு."

இந்தச் சிலேடைக்கு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"மாப்பிள்ளைகூட ஒரு ஆபீசுக்குப் போறேன். நீங்களும் வாங்க. ஒரு கையெழுத்துத்தான்."

"எதுக்கு?"

"நல்ல காரியத்துக்குத்தான்."

"எந்தப் பாஷையில இருக்கு?"

"மலாய்ல."

"அப்ப வர மாட்டேன். ஒங்க சித்தப்பா இப்படித்தான் படிச்சுப் பாக்காமப் போட்டாக. சுருளிப்பட்டித் தோப்பு போச்சு."

"கடைசியாக் கேக்குறேன். வாறீகளா, இல்லையா?"

"இல்ல."

"சரி. பின்னாடி என்னையச் சொல்லக் கூடாது."

மாப்பிள்ளை சூரியபிரகாஷ் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பேங்க் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். கொள்கை ஜெயித்த திருப்தியில் இன்னொரு காபி கேட்டுக் குடித்தேன்.

புதன்கிழமை முனீஸ்வரி பஞ்சாங்கத்தோடு வந்தாள். "வெள்ளிக்கிழமை கரிநாளு. இன்னைக்குப் பரஸ்தானம் வச்சிரணும்."

"இங்கன யாரு வீட்டுல?"

"பக்கத்துச் சீனத்தம்மாட்டச் சொல்லிட்டேன். ஒங்க பாஸ்போர்ட்டத் தாங்க."

"அது எதுக்கு? துணிய வச்சாப் போதாதா?"

"துணிய வச்சா துணிதான கெளம்புன கணக்கு? நம்ம பேரும் போட்டோவும் இருக்கற சாமான வச்சாத்தான நாம கெளம்புன கணக்கு?"

நான் அசந்துவிட்டேன். சட்டப்படி இதை மறுக்க வழியே இல்லை. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியதில் அவளுக்கும் கொஞ்சம் சட்டம் ஒட்டிக்கொண்டது என்று பெருமையாக இருந்தது. என் கையாலேயே பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பையை எடுக்கப் போனேன். சீனத்தம்மா வீட்டில் பூட்டு. உள்ளே ஜன்னலில் ஒரு பூனை உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"அவுக முன்னோர் கல்லறைக்குப் படையல் வைக்க ஈப்போ போயிட்டாகளாம். நேத்தே," என்றாள் முனீஸ்வரி.

"போன் போடு."

போட்டாள். காதில் வைத்துக்கொண்டே, "எடுக்கல," என்றாள்.

கதவைத் தட்டினேன். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஜன்னல் கம்பியை ஆட்டினேன். எதிர்வீட்டு மலாய்க்காரர் வெளியே வந்து பார்த்ததும் விட்டுவிட்டேன். விசா முடிந்தவன் திருடன் என்றும் பெயரெடுக்க வேண்டாம். விமானம் போயிற்று. மாப்பிள்ளை ஒரு போன் பேசினார், திங்கட்கிழமைக்கு டிக்கெட் மாறிவிட்டது. எவ்வளவு சுறுசுறுப்பான பிள்ளை என்று மெச்சினேன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயில் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் வேறு. பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டால்? ஆனியில் தேவயானி வலியெடுத்துக் கிடக்கும்போது பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் போனால்? முனீஸ்வரியோ சாதாரணமாக இருந்தாள். மிச்சமான நெத்திலியைத் தட்டில் போட்டு வெளியே எடுத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. தேவயானிக்கு முனீஸ்வரிதான் முதல் வளையல் போட்டாள். இரண்டு கையும் நிறைந்ததும் மகள் என்னிடம் வந்து, "அப்பா, நீங்க இருக்கீகள்ல, அது போதும்பா," என்றாள். நான் அழுதுவிட்டேன். சட்டப்படி நடந்திருந்தால் இந்நேரம் உத்தமபாளையத்தில் யாருக்கோ கிரயம் எழுதிக்கொண்டிருப்பேன். அந்தப் பூட்டை மனசுக்குள்ளே கும்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை சீனத்தம்மா வந்து பையைக் கொடுத்தார். என் பாஸ்போர்ட்டை நான் எடுத்துக்கொண்டேன். தன்னுடையதை முனீஸ்வரி தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஜன்னலில் அந்தப் பூனை இருந்தது. பட்டினி கிடந்த பூனை மாதிரியே இல்லை. கொழுகொழுவென்று இருந்தது.

விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் நான் ஒரே பாடம் நடத்தினேன். "என்ன கேட்டாலும் வாயத் தெறக்காத. தப்பு முழுக்க என்னோடதுன்னு நான் சொல்லிக்கிறேன். ஒனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ஆனியில நீ வரணும்."

"சரிங்க," என்றாள். அந்த 'சரிங்க'வில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வரிசையில் அவள் முன்னால் நின்றாள். அதிகாரி புரட்டினார், குத்தினார், கொடுத்துவிட்டார். அவள் அந்தப் பக்கம் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கைப் பிரித்தாள். என் முறை வந்தது. அதிகாரி புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார். என்னை ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே இருந்தவர் ஒரு தமிழ் அம்மாள். நெற்றியில் சின்னப் பொட்டு. அவர் கேட்டதுதான் நான் முதலில் சொன்ன கேள்வி. நான் பரஸ்தானத்தை விளக்கினேன்.

"பை போனா ஆள் போனதா கணக்கா?"

"ஆமாம்மா. மேற்படி பை புதன்கிழமையே வெளிய போயிருச்சு. ஆகவே நாளது தேதியில நான் இந்த நாட்டுல இல்ல."

"இங்க இல்லாத ஆளுக்கு நான் எப்படிங்கய்யா முத்திரை குத்துறது?"

"என் வீட்டுக்காரிய மட்டும் ஏன் விசாரிக்காம விட்டீக?" என்று கேட்டுவிட்டேன்.

"அவங்களுக்கு என்ன? மகளுக்கு வளைகாப்புன்னு போன வாரமே முறையா நீட்டிப்பு வாங்கியிருக்காங்க. நீங்களும் கூடப் போய் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாமே."

மலாய்க் காகிதம் கண்முன்னால் வந்து நின்றது.

"ஆனியில பேரப்புள்ள பெறக்கும் தாயி. மறுபடி உள்ள விடுவீகளா?"

"அது என் கையில இல்லைங்கய்யா. விசா கேக்கும்போது இதை மறைக்காமச் சொல்லுங்க. இப்ப அபராதம் கட்டணும்."

சட்டைப் பையைத் தடவினேன். மலேசியப் பணம் இல்லை. முனீஸ்வரியை உள்ளே விட்டார்கள். சுருக்குப் பையிலிருந்து மடித்த நோட்டை எடுத்து நீட்டினாள். எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

விமானத்தில் நான் பேசவில்லை. மதுரையில் பேசவில்லை. தேனியில் பஸ் மாறியபோதும் பேசவில்லை. வீரபாண்டி தாண்டியதும் மலைக்காற்று அடித்தது. அடக்க முடியவில்லை.

"நீ மட்டும் தப்பிச்சுக்கிட்ட. பேரப்புள்ளையப் பாக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

"நீங்களும் வரலாம். அபராதத்தக் கட்டி, உண்மையச் சொல்லிக் கேட்டா, மூணு நாளுக்கெல்லாம் வராதன்னு சொல்ல மாட்டாகளாம். அந்த ஆபீஸ்லயே கேட்டுட்டேன்."

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. மனைவி என்றால் இப்படி இருக்க வேண்டும். சின்னமனூர் வந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். டீ பாதியில் இருக்கும்போதுதான் எனக்குள் இருந்த பத்திர எழுத்தர் தேதிகளைச் சரிபார்த்தார்.

"முனீஸ்வரி, நீ ஆபீசுக்குப் போனது பரஸ்தானத்துக்கு முந்தி."

"ஆமா."

"சீனத்தம்மா கதவப் பூட்டிட்டுப் போனது அதுக்கப்புறம்."

"ஆமா."

"அப்ப நான் மூணு நாள் கூட இருப்பேன்னு ஒனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?"

அவள் டீயை மெதுவாகக் குடித்து முடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"அந்தப் பூட்டுன வீட்டுக்குள்ள இருந்த பூனைக்குத் தெனம் நெத்திலி வச்சது யாருன்னு நெனச்சீக?"