ஜிங்க் கட்டிக்குப் பெயிண்ட் அடித்த கதை

கேட்காமல் செய்யும் உதவியைப் போலக் கேடு வேறு கிடையாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. உதவி செய்கிறேன் பேர்வழி என்று சொந்தத் தங்கையின் பிழைப்பைக் கெடுத்தவன் நான்.

தங்கை மாலா வீட்டை எதிர்த்துக்கொண்டு மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் பிடிக்கும் சேகரைக் கட்டிக்கொண்டாள். செய்யூரில் மணிலாக்கொட்டை பயிர் செய்யும் எங்கள் குடும்பம் மூன்று வருடம் அவளோடு பேசவில்லை. பிறகு நான்தான் பெரிய மனசு பண்ணி (அன்றைக்கு அப்படித்தான் நினைப்பு) பார்க்கப் போனேன். பல வருடம் அடுத்தவர் படகில் போன சேகர் அப்போதுதான் சொந்தமாக ஒரு இன்ஜின் படகு வாங்கியிருந்தான். முகத்துவாரத்துத் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகு. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வேலை பார்க்கக் கரையேற்றி வைத்திருந்தான்.

நானோ டிப்ளமோ மெக்கானிக்கல். கை சும்மா இருக்குமா? சேகர் ஏதோ சாமான் வாங்கச் செங்கல்பட்டு போன நேரத்தில் படகின் அடியில் குனிந்து பார்த்தேன். புரொப்பல்லர் நன்றாகத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டிய ஒரு ஜிங்க் கட்டி மட்டும் பாதி அரித்து, குழி குழியாக, வெள்ளை பூத்துக் கிடந்தது. பராமரிப்பே தெரியாத ஜனங்கள் என்று உச்சுக் கொட்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட்டு பெயிண்டும் அடித்தேன். மாலாவுக்குத் தாங்க முடியாத பெருமை.

"எங்க அண்ணன் இன்ஜினீருக்குப் படிச்சவரு. அவரே குந்திகினு பெயிண்ட் அடிச்சாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். (நான் டிப்ளமோ என்று திருத்தவும் இல்லை.)

அன்றோடு தடைக்காலம் முடிந்து, மறுநாள் விடியற்காலை படகு தண்ணீரில் இறங்கியது. அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து மாலாவிடமிருந்து போன். அலைக்கு நடுவில் புரொப்பல்லர் முறிந்து, படகு பாறையில் மோதிப் பிளந்துவிட்டது. சேகர் நீந்திக் கரை சேர்ந்திருந்தான். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். உடைந்த படகின் அடியை மெக்கானிக் சுரண்டிக்கொண்டிருந்தார். புரொப்பல்லர் தொட்டால் உதிர்ந்தது. ஜிங்க் கட்டி மட்டும் நான் விட்ட அளவிலேயே, கடுகளவும் குறையாமல் இருந்தது.

"எவன்யா இதுக்குப் பெயிண்ட் அடிச்சவன்?" என்றார் மெக்கானிக்.

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. சேகர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அது கரையறதுக்குன்னே வெச்சது மச்சான். கடலு அதத் தின்னுகினு இருந்தா மத்ததத் தொடாது. நீ அத மூடிட்ட. கடலு வேற இன்னாத்த தின்னும்?"

அழிய வேண்டிய ஒரே பொருளை அவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றியிருக்கிறேன். மூன்று வருடம் எட்டிப் பார்க்காத அண்ணன், வராமலே இருந்திருக்கலாம்.

சேகர் இப்போது பழையபடி அடுத்தவர் படகில்தான் போகிறான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் நான் உட்கார்ந்ததும் குரல் கொடுப்பான்.

"மச்சான் வந்துட்டாரு. கொழம்பு சட்டிய மூடி வையுங்கப்பா. கோட்டு அடிச்சிடப் போறாரு."

பந்தியே சிரிக்கும். எல்லாரையும்விடச் சத்தமாக நானும் சிரிப்பேன். என் இலைக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும் மாலா மட்டும் இன்றுவரை ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.