பட்டன் அமுக்காத அம்புரோஸ்

இந்த ஜென்மத்தில் இனிமேல் கரண்டு சாமான் எதையும் தொடுவதில்லை என்று அம்புரோஸ் சபதம் எடுத்தபோது அவனுக்கு வயது எட்டு.

அன்று ராயபுரத்தில் நல்ல மழை. வெறுங்காலோடு நனைந்துகொண்டே ஓடிப்போய் மளிகைக் கடை ஃப்ரிட்ஜின் கதவைப் பிடித்தான். கதவு அவனைப் பிடித்துக்கொண்டது. கை வரவில்லை. கத்தலாமென்றால் வாய் திறக்கவில்லை. எதிரே கடைக்காரர் வெல்லம் உடைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது, கூப்பிடத்தான் முடியவில்லை. தற்செயலாகத் திரும்பியவர் பாய்ந்துபோய் மெயினை அணைத்தார். பொத்தென்று விழுந்தான் பையன்.

ஈரக் கை ஆகாது, காலில் செருப்பு வேண்டும், மெயினை அணைக்காமல் எதையும் நோண்டக் கூடாது. கரண்டுக்கு மரியாதை கொடுக்க அன்று கற்றுக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த மரியாதை பக்தியாக முற்றிவிட்டது. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் தள்ளி நின்றே கும்பிடுவான். பக்கத்தில் போய் வேலை வாங்குவது மனைவி தேவப்பிரியம்.

திருவொற்றியூரில் வீடு. அவனுக்கு ஹார்பரில் வேலை, அவளுக்கு மணலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"ஒத்தக் கையாலயே துணியெல்லாம் மெஷின்ல போட்டுட்டேன். அந்த பட்டன மட்டும் அமுக்குயா."

"எனக்கு ஷாக் அடிச்சது தெரியுமில்ல? கடைலேர்ந்து தூக்கி ஒரு மைலு தள்ளி காசிமேட்டாண்ட போட்டுச்சு."

"போன வருசம் இந்தக் கதைய சொல்லச்சொல்லோ தெருவுலதான வுழுந்த?"

"அப்போ வோல்டேஜ் கம்மி."

அவள் சிரிக்கவில்லை. டீயை ஆற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"சரிதான்யா. உன் உசுருதான் எனக்கு முக்கியம். இனிமே மெஷினாண்டயே போவாத."

ஜெயித்த சந்தோஷத்தில் அம்புரோஸ் டீயை ருசித்துக் குடித்தான். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஒரு பக்கெட் துணியும் சோப்பும் பிரஷும் முன்னால் வந்து நின்றன.

"இதுல எங்கனா கரண்டு கீதா, நல்லா பாத்துக்க."

புரட்டிப் புரட்டிப் பார்த்தான். இல்லை.

அன்றிலிருந்து மொட்டை மாடிக் குழாயடி அவன் பேட்டை. கீழ்வீட்டுப் பூவம்மா சும்மா கிடந்த அம்மியைக் கொடுத்து உதவியதில் சட்னி இலாகாவும் அவனிடமே வந்து சேர்ந்தது. போர்வை துவைத்த அன்றைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஞானமும் அன்றுதான் பிறந்தது. மரியாதை வேறு, பயம் வேறு. அவனுடைய பயத்தில் பாதிக்கு மேல் சோம்பல். ஒழுங்காக எர்த் போட்ட மெஷின் பாவம் அவனை என்ன செய்துவிடும்?

மறுநாள் டூட்டி முடிந்து வந்ததும் கையைத் துடைத்தான். ரப்பர் செருப்பை மாட்டினான்.

"தேவி, இன்னிலேர்ந்து மெஷின் நான் போடறேன். எந்த பட்டன்னு மட்டும் சொல்லிடு."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனான். மெஷின் இருந்த இடத்தில் தரை பளிச்சென்று இருந்தது.

"மெஷின் எங்கமே?"

"காலைலதான் எங்கம்மா வூட்டுக்கு அனுப்புனேன்," என்றாள் தேவப்பிரியம். "நீதான் அதவிட சுத்தமா தொவைக்கிறியே."