சம்பந்தி வீட்டுக்குப் போன தூக்குவாளி

“அந்தத் தூக்குவாளியா? அது எங்க ஆத்தா குடுத்த சீருங்க!” என்று பதறினாள் நாச்சம்மை.

“மெதுவாப் பேசு. தெருவுக்கே கேக்கும்” என்றார் உடையப்பன். மூன்று பாலித்தீன் பைகளில் சுற்றிய சின்ன டப்பாவை வாளிக்குள் இறக்கி மூடினார்.

ஆறு மாதமாக நாச்சம்மைக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சத்து மாத்திரை தின்றும் ரத்தம் ஏறவில்லை. வெறுங்காலோடு தோட்டத்தில் புழங்குகிறவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம், அது குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும் என்று சொல்லி, நர்ஸ் மரிய செல்வி மலப் பரிசோதனைக்கு வீட்டுக்கு வீடு டப்பா கொடுத்திருந்தாள்.

“ஒரு வீடு விட்டாலும் திரும்ப ஊரெல்லாம் பரவிரும்ங்க. ஆஸ்பத்திரியில குடுக்க வெள்ளிக்கிழமை பத்து மணிதான் கடைசி” என்றும் சொல்லியிருந்தாள்.

உடையப்பன் மூன்று நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். நம் வீட்டில் புழுவா? பக்கத்துத் தெரு சம்பந்திக்குத் தெரிந்தால், பெண் கொடுத்த இடத்தில் எந்த முகத்தோடு நிற்பது? ஆனால் நேற்று நாச்சம்மை கிணற்றடியில் மயங்கிச் சரிந்தாள். பேங்க் மேனேஜராக முப்பது வருடம் ஊரையே அதட்டிய மனுஷர், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போக வாளியோடு சோமுவின் ஆட்டோவில் ஏறினார். சம்பந்தி வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் சம்பந்தி ஆச்சியே கைகாட்டி நிறுத்தினார்.

“என்ன சம்பந்தி, தூக்குவாளியில பலகாரமா?”

“ஆமா... சீப்புச் சீடை.” வாயில் வந்தது அதுதான்.

“எங்களுக்குத்தானே? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன்ல!”

“இல்லங்க, லேசாத் தீஞ்சுபோச்சு.”

“நாச்சம்மை கைப்பக்குவம் தீஞ்சாலும் ருசிதான்.” வாளி கைமாறிவிட்டது.

“தெறக்காதீங்க! சூடு!”

“அப்ப ஆறவச்சே தெறக்குறேன்” என்று ஆச்சி உள்ளே போனார்.

உடையப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. “சோமு, எதையாவது சொல்லி வாங்கிட்டு வந்துருப்பா.”

போன சோமு கால் மணி நேரமாகியும் வரவில்லை. மணி ஒன்பதே முக்கால். இந்த டப்பா போய்ச் சேராவிட்டால் நாச்சம்மை இன்னும் எத்தனை தடவை விழுவாளோ? மானம் போனால் போகட்டும், அவள் இருந்தால் போதும். எல்லாவற்றையும் சொல்லியே வாங்கிவிடுவதென்று ஆட்டோவை விட்டு இறங்கினார்.

சோமுவே வாளியோடு வந்துவிட்டான்.

“தெறந்து பாத்துட்டாங்களா?”

“பாத்துட்டாங்கய்யா.”

உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். கைக்கு வந்த வாளி முன்னைவிடக் கனமாக இருந்தது.

“என்னப்பா கனக்குது?”

சோமு குரலைத் தாழ்த்தினான். “பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதாம்ங்கய்யா. அவங்க வீட்டு டப்பாவையும் உள்ள வச்சிருக்காங்க.”