சாம்பல் எழுத்தில் வந்த அவசரம்

இனி என் கணினியில் என் ராஜ்யம்தான் என்று போன திங்கட்கிழமை முடிவெடுத்தேன். புதன்கிழமை ராஜ்யம் கவிழ்ந்தது.

எங்கள் அலுவலகத்தில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் என் மனைவி எனக்கு மெயில்தான் அனுப்புவாள். ஒரு நாளைக்குப் பதினைந்து. பதினைந்தின் தலையிலும் ‘அவசரம்’. சோப்பு தீர்ந்தது அவசரம். எதிர்வீட்டில் பரணைக் காலி செய்துவிட்டார்கள், நாம் எப்போது? அதுவும் அவசரம். இந்தக் கூட்டத்தில் எங்கள் மேலாளர் அனுப்பிய நிஜ அவசரம் ஒன்று காணாமல் போயிற்று. “இன்னொரு தடவை தவறவிட்டா உங்களைக் குடோனுக்கு மாத்திடுவேன்” என்றார். குடோனில் உட்கார நாற்காலிகூடக் கிடையாது.

பயந்துபோய் மெயிலில் ஒரு விதி போட்டேன். மேலாளர் அனுப்பினால் தடித்த சிவப்பு, பெரிய எழுத்து. மனைவி அனுப்பினால் இருப்பதிலேயே சின்ன எழுத்து, வெளிர் சாம்பல். கண்ணாடி போட்டாலும் தெரியாது. அடடா, என்ன நிம்மதி!

செவ்வாய் மாலை வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

“ஏங்க, குழாய் ரிப்பேருக்கு ஆள் சொல்லச் சொல்லி நாலு மெயில் போட்டேனே?”

“சத்தியமா கண்ணுலயே படலம்மா. எவ்வளவு மெயில் வருது தெரியுமா?”

“உங்க மேனேஜர் மெயில் மட்டும் படுதாக்கும்?”

“அது சிவப்புல பெருசா வருமே!”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன பயன்?

“அப்போ என்னோடது?”

“உன்னோடது... கொஞ்சம் அடக்கமா வரும்.”

“அடக்கமான்னா?”

“சாம்பல் கலர்ல.”

பூகம்பத்துக்குத் தயாரானேன். “பரவால்லங்க, வேலைதானே முக்கியம்” என்று சிரித்தாள். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவன் அந்தச் சிரிப்பிலேயே சுதாரித்திருக்க வேண்டாமா? முட்டாள், இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

புதன் மதியம் மூன்று மணிக்குத் திரையில் சிவப்பு. பதறித் திறந்தேன்.

‘உங்கள் வீட்டம்மா போன் செய்தார். குழாய் உடைந்து சமையலறை முழுக்கத் தண்ணீராம். அவர் அனுப்பும் மெயில் உங்கள் கண்ணில் படாதாமே? உடனே கிளம்புங்கள். அரை நாள் விடுப்பில் கழித்துக்கொள்கிறேன்.’

இந்த வருஷத்துக்கு என்னிடம் மிச்சமிருந்ததே அந்த அரை நாள்தான். ஓடினேன். வாசலிலேயே பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தேன். தரை காய்ந்து கிடந்தது. குழாயில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

“தண்ணி எங்கே?” மூச்சு வாங்கியது.

“காலைலயே ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போயாச்சே.”

“அப்போ எதுக்குடி என்னை ஓட வச்சே?”

மூலையில் தயாராக நின்ற ஏணியை என் பக்கம் நகர்த்தினாள்.

“பரணைக் காலி பண்ணணும்னு ஒன்பது மெயில் போட்டிருந்தேங்க. சாம்பல்ல.”