டன்னேஜுக்குப் போட வேண்டிய ஓட்டு

கிரிம்ஸ்டோக்,
13 மே 1964, புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க ஹெஸ்டர் அக்காவுக்கு,

தம்பி சிரில் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் எனிடும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் எனிட் மட்டும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் நன்றாக இருப்பீர்கள் என்றும், அத்தானின் முழங்கால் வலி கடல் காற்றுக்குக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

தேர்தலுக்காக நீ அனுப்பிய வாழ்த்துத் தந்தி சனிக்கிழமை வந்தது. அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்று அதில் போட்டிருந்தாய். எனிட் அதைக் கணப்புக்கு மேலே கடிகாரத்தோடு சாய்த்து வைத்துவிட்டாள். நாற்பத்தொரு வருஷம் ரயில்வேயில் இருந்தவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மணி பார்ப்பான் என்று உனக்கே தெரியும். பார்க்கிறபோதெல்லாம் அப்பாவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் ஆகும், ஆகவே உன்னிடம் சொல்கிறேன். திட்டு, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

எங்கள் ஊருக்கு இருபத்திரண்டு வருஷமாக மேஜர் ஸ்ட்ரட்விக்தான் கவுன்சிலர். எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. நிற்பது மரியாதைக் குறைவு என்று ஊரில் ஒரு எண்ணம். அவருக்குக் காது அடியோடு கேட்காமல் போன பிறகும் நாலு வருஷம் கவுன்சிலில் உட்கார்ந்திருந்தார். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இந்த மார்ச்சில் அவராகவே போதும் என்று விட்டுவிட்டார். அந்த இடத்துக்கு நியாயமாக வர வேண்டியவன் என் பக்கத்து வீட்டு வால்டர் டன்னேஜ். அவனை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு நாற்காலிகளைச் சரிபண்ணிக் கொடுத்த தச்சன். பவுண்ட் லேனில் பதினொரு வீடுகளுக்கு இன்னும் சாக்கடை இணைப்புக் கிடையாது, கொல்லைப்புறக் கக்கூஸில் வாளிதான். அதில் ஒன்றில் அவன் மகள் ஐவி மூன்று குழந்தைகளோடு இருக்கிறாள். வாளி நாற்றத்தில் கடைசிக் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. வால்டர் எட்டு வருஷமாகக் கவுன்சிலுக்கு எழுதுகிறான். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது என்று எட்டு வருஷமாகப் பதில் வருகிறது.

அப்படியிருக்க நீ எதற்கடா நின்றாய் என்று கேட்பாய். அக்கா, போன அக்டோபரில் ஸ்டேஷனை மூடியதிலிருந்து நான் மனிதனாகவே இல்லை. யூனிபார்ம் பெட்டியில் அந்துருண்டைகளோடு கிடக்கிறது. பச்சைக் கொடியை அசைத்தால் நகர்வதற்கு எதுவும் இல்லை. எனிட் நகர மாட்டாள். கவுன்சிலர் என்றால் வாரத்துக்கு ஒரு நாளாவது நாலு பேர் நான் சொல்வதைக் கேட்பார்களே என்று ஆசைப்பட்டேன். என்னை எல்லோரும் வற்புறுத்தியதாக ஊரில் சொல்லிக்கொண்டேன். ஒருவரும் வற்புறுத்தவில்லை. வேட்புமனுவில் முன்மொழியச் சொன்னபோது எனிட்கூட, அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனாள்.

பிரசாரக் கதையைச் சொன்னால் வெட்கக்கேடு. நம் ஊரில் வாசலுக்கு வந்தவனிடம் யாராவது முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வார்களா? எல்லோரும் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்து, "உங்களுக்குத்தான் ஸ்டேஷன் மாஸ்டர், வேற யாருக்கு?" என்றார்கள். இருநூற்று மூன்று பேரைப் பெயர் பெயராக நோட்டில் குறித்தேன். வால்டர் இருநூற்று ஏழு குறித்து வைத்திருந்தான். வேலியோரம் இரண்டு நோட்டையும் கூட்டிப் பார்த்தோம், மொத்த ஓட்டே முந்நூற்று நாற்பதுதான். அத்தனை டீயும் ஒரே நாளில் உள்ளே போனதில் பவுண்ட் லேனில் எனக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஐவி வீட்டு வாளிக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. எதிர்த்து நிற்பவனின் மகள் வீட்டில், மூக்கைப் பிடித்துக்கொண்டு, கதவை ஒரு காலால் உள்ளிருந்து தாங்கிக்கொண்டு இருந்தபோது, வால்டர் எட்டு வருஷமாகச் சொல்வது முழுக்க நியாயம் என்று எனக்குப் பட்டது. வெளியே வந்ததும் மறந்துவிட்டேன். மறுநாள் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க ஸ்டேஷன் மணியைத் தெருத்தெருவாக ஆட்டிக்கொண்டு போனேன். பாவம், மிஸஸ் ஹாப்டே பழைய ஞாபகத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், புல் முளைத்த பிளாட்பாரத்தில் இரண்டு மணி நேரம் 10.42 ரயிலுக்காகக் காத்திருந்தாள். அவளைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டது யார் என்கிறாய், வால்டர்தான்.

தேர்தலுக்கு முந்தின நாள் அவன் லீக் செடிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே வேலியோரம் வந்தான். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"சிரில், ஒண்ணு கேக்கணும். நாளைக்கு நீ யாருக்குப் போடப்போற?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவியிடம்கூடக் கேட்கக் கூடாத கேள்வி இல்லையா அது?

"தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கறதுன்னா எனக்கு என்னமோ கூச்சமா இருக்குடா" என்றான். "பந்தியில தன் தட்டுல தானே பெரிய துண்டா எடுத்து வெச்சுக்கற மாதிரி. உனக்கு நான் போடறேன், எனக்கு நீ போடு. கணக்குச் சரியாப்போகும், மனசும் சுத்தமா இருக்கும்."

எனக்கும் அது மிகவும் சரி என்று பட்டது. வேலிக்கு மேலே கை கொடுத்தேன். அவன் கையில் மண் இருந்தது; துடைத்துவிட்டுக் கொடுத்தான்.

வியாழக்கிழமை காலை எட்டுக்கு முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சத்தியமாக டன்னேஜுக்குப் போடத்தான் போனேன், அக்கா. தடுப்புக்குப் பின்னால் ஆறு வயதுப் பிள்ளைகளின் மேஜை, கயிற்றில் கட்டிய பென்சில். சீட்டைப் பிரித்தால் டன்னேஜ், வால்டர் என்று மேலே, வெதரிக், சிரில் என்று கீழே. என் பெயரை அச்சில் பார்த்து ஏழு மாதம் ஆகிவிட்டது. கடைசியாகப் பார்த்தது ஸ்டேஷனை மூடும் அறிவிப்பில். வால்டருக்கு நேரே பென்சிலைக் கொண்டுபோனேன். அது கீழே இறங்கிவிட்டது. கை நடுங்கியது, கண் மங்கியது என்றெல்லாம் சொல்லலாம், ஒன்றும் நடுங்கவில்லை. நல்ல அழுத்தமான பெருக்கல் குறி. மடித்துக்கொண்டு பெட்டியருகே வந்து அப்படியே நின்றேன். தேர்தல் அதிகாரியாக வந்திருந்த அந்த அம்மாள் மிகவும் கனிவாக, "தப்பாப் போட்டுட்டீங்களா சார்? பரவாயில்ல, பெட்டில போடறதுக்கு முன்னால சொன்னா வேற சீட்டுத் தரேன்" என்றாள். இதைவிடத் தெளிவாகக் கடவுள் ஒரு மனிதனிடம் பேச முடியுமா? நான், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியில் போட்டேன். வாசலில் வால்டர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான்.

மறுநாள் காலை எண்ணினார்கள். வெதரிக் நூற்று நாற்பத்தாறு. டன்னேஜ் நூற்று நாற்பத்தைந்து. மறுபடி எண்ணச் சொல்லி வால்டர் கேட்கலாம் என்றார்கள். வேண்டாம், எண்ணுகிறவர்கள் களைத்துப் போயிருக்கிறார்கள், டீ குடிக்கட்டும் என்று சொல்லிவிட்டான். நேராக என்னிடம் வந்து கை கொடுத்தான். ஐவி மட்டும் கடைசிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரமாக நின்றிருந்தாள்.

நீயே கணக்குப் போடு. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் எனக்கு ஒன்று குறைந்து அவனுக்கு ஒன்று கூடி, இன்றைக்கு அவன்தான் கவுன்சிலர். அதைவிடக் கொடுமை, என்னுடைய நூற்று நாற்பத்தாறில் ஒன்று அவன் போட்டது. அவன் ஓட்டையும் வாங்கிக்கொண்டு, அவனுக்குச் சேர வேண்டியதையும் எடுத்துக்கொண்டேன். தெருவில் எல்லோரும் கவுன்சிலர் என்று கூப்பிடுகிறார்கள். நான் காலணிக் கயிறு கட்டுகிற மாதிரி குனிந்துகொள்கிறேன். என் வயதில் இத்தனை தடவை குனிந்தால் இடுப்பு என்ன ஆகும்? அப்பா ஒரு அரை கிரவுன் காசைத் திருப்பிக் கொடுக்க மழையில் நாலு மைல் நடந்த மனிதர். அவருக்கு மகனாக நான் எப்படித்தான் பிறந்தேனோ.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பதவியை விடுவதாகக் கவுன்சில் செயலாளருக்கு எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தயாராக வைத்திருக்கிறேன். நாளைக் காலை தபாலில் சேர்ப்பதற்கு முன் வால்டரிடம் போய் நேருக்கு நேர் சொல்லிவிடுவேன். மறுதேர்தலில் அவனை எதிர்த்து ஒருவரும் நிற்க மாட்டார்கள். பவுண்ட் லேனுக்குச் சாக்கடை வரட்டும், நான் தலைகுனிந்து நடந்தாலும் பரவாயில்லை.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள், அதற்கு இப்போது எவ்வளவு மதிப்போ அவ்வளவு. ஆண்டவன் உங்கள் எல்லோரையும் காக்கட்டும், என்னையும் ஒரு கண் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நாளை வரை கவுன்சிலரான உன் தம்பி
சிரில் வெதரிக்

பின்குறிப்பு: மாலை ஆறு பத்து. இதை ஒட்டப்போகும் சமயம் வால்டர் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நான் உனக்குப் போடலடா சிரில்" என்றான். "எனக்கே போட்டுக்கிட்டேன். கை குடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டேன். நாலு நாளாத் தூக்கமே இல்ல. எதுவா இருந்தாலும் நீ திட்டிடு."

அக்கா, நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இருவரும் வாக்கைக் காப்பாற்றியிருந்தாலும் நூற்று நாற்பத்தாறு, நூற்று நாற்பத்தைந்துதான். முறைப்படி ஜெயித்தது நானேதான். சந்தோஷத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினேன். அதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "நானும்தான், வால்டர்" என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "மனுஷன்னா தவறத்தான் செய்வான், வால்டர். நான் மன்னிச்சுட்டேன்" என்று சொல்லி, தோளில் கையும் வைத்தேன்.

அவன் அழுதுவிட்டான். என்னைப் போன்றவன்தான் கவுன்சிலில் இருக்க வேண்டும் என்றான். அவன் போன பிறகு எனிட் டீத் தட்டோடு கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"நீங்களும் என்னமோ சொல்லப்போறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். டீயை வைக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ராஜினாமாவை அனுப்பவில்லை. முதல் கூட்டத்திலேயே பவுண்ட் லேன் சாக்கடையைக் கிளப்பிவிடுவதாக வால்டருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், கையும் கொடுத்திருக்கிறேன். இதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், ஒருத்தருக்காவது தெரியட்டும் என்று அனுப்புகிறேன், யாரிடமும் காட்டாதே. ஞாயிற்றுக்கிழமை சேப்பல் ஜெபத்தில் வால்டர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தன் தப்பைச் சொல்லப்போகிறானாம். தைரியத்துக்கு நான் முன்வரிசையில் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.